இரு களங்களின் தலைவன்: வ்செவொலொத் பொப்ரொவ்

குளிர்காலம் வந்துவிட்டால் வடபுல நாடுகளின் தொலைக்காட்சிகளை ஐஸ் ஹொக்கி ஆட்டங்கள் நிறைத்துவிடுகின்றன. கோடையில் அதே இடத்தை உதைபந்தாட்டம் பிடித்துக்கொள்கின்றது. இவ்விரண்டையும் இன்று வெவ்வேறு மனிதர்களே ஆடுகின்றனர். ஒன்றில் உச்சத்தை எட்டுவதற்கே ஒரு வாழ்நாள் போதாது என்று பயிற்றுநர்கள் கூறுவர். ஆனால், கோடையில் புற்றரையிலும் குளிர்காலத்தில் பனித்தளத்திலும் ஒரே மனிதர் முதன்மை பெற்றிருந்த காலம் ஒன்றும் இருந்தது. சுவீடனின் ஸ்வென் தும்பா அவ்வாறான ஒருவர். அவரோடு எதிரெதிர் நின்று ஆடிய சோவியத் வீரர் வ்செவொலொத் பொப்ரொவ் இன்னொருவர். கோடைகால ஒலிம்பிக்கில் தமது நாட்டின் உதைபந்தாட்ட அணிக்கும், குளிர்கால ஒலிம்பிக்கில் ஹொக்கி அணிக்கும் தலைமை தாங்கிய ஒரே மனிதர் இந்தப் பொப்ரொவ்தான்.

அவரது கதையை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கை மட்டுமன்று. ஒரு வல்லரசு தன் ஆற்றல் மிக்க மனிதர்களை எவ்வாறு தூக்கி நிறுத்தியது, எவ்வாறு பந்தாடியது, எவ்வாறு சிலரை இறந்த பின்னரும் மறைத்து வைத்தது என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்றாக இருக்கின்றது.

பின்லாந்து வளைகுடாவின் கரையில்

பொப்ரொவ் 1922ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள், ரஷ்யாவின் தம்போவ் பகுதியிலுள்ள மொர்ஷான்ஸ்க் என்னும் சிறு நகரிற் பிறந்தார். அவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் லெனின்கிராட்டுக்கு அண்மையில் உள்ள செஸ்ட்ரொரெட்ஸ்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த கருவித் தொழிற்சாலையில் தந்தையார் வேலை பார்த்தார். அது பின்லாந்து வளைகுடாவின் கரையோர நகர். ஏரியும் வாய்க்கால்களும் பல மாதங்களுக்கு உறைந்து கிடக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சறுக்கவும் தெரியும்.

அக்காலத்து ரஷ்யாவில் ஹொக்கி என்றால் இன்று நாம் காணும் ஆட்டம் அன்று. உதைபந்தாட்டத் திடல் அளவிலான பனிவெளியில், பக்கத்துக்குப் பதினொருவராக நின்று, வளைந்த மட்டைகளால் சிறு பந்தொன்றை அடித்து ஆடுவர். பிற நாடுகளில் இதனைப் பண்டி என்பர். ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும் அவர்கள் நிற்கும் ஒழுங்கும் உதைபந்தாட்டத்தைப் பெரிதும் ஒத்தவை. ஆகவே, கோடையில் உதைபந்தும் குளிரிற் பண்டியும் ஆடுவது அங்கு மிக இயல்பான ஒன்றாயிருந்தது. பொப்ரொவின் தந்தையாரும் தமையனார் விளாடிமிரும் இரண்டையும் ஆடினர். தம்பியும் அவர்கள் வழியே வந்தவர். தொழிற்சாலைப் பாடசாலையிற் கருவி வேலை கற்று, பகலில் தொழிலாளியாகவும் மாலையில் தொழிற்சாலை அணியின் ஆட்டக்காரராகவும் வளர்ந்தார். விரைவிலேயே லெனின்கிராட் டைனமோ கழகம் அவரைப் பண்டி ஆட அழைத்துக்கொண்டது.

1941இல் ஜேர்மனியப் படையெடுப்பு வந்தது. லெனின்கிராட் முற்றுகைக்குள்ளாயிற்று. தொழிற்சாலை தன் இயந்திரங்களோடும் தொழிலாளரோடும் சைபீரியாவின் ஒம்ஸ்க் நகருக்குப் பெயர்க்கப்பட்டது. பதினெட்டு வயது இளைஞரான பொப்ரொவும் அவ்வாறு இடம்பெயர்ந்தார். அடுத்த ஆண்டு படையில் சேர்க்கப்பட்டு, அந்நகரிலேயே படைத்துறைப் பாடசாலை ஒன்றிற் பயின்றார். தமையனார் போர்முனைக்குச் சென்று காயமுற்றார். வீட்டில் இருவருக்கும் ஒரே திறமை இருந்தபோதிலும், ஒருவருக்கு மட்டுமே அது வாழ்க்கையாக அமைந்தது. போர் அவ்வாறுதான் கணக்குத் தீர்க்கின்றது.

லெப்டினன்ட்களின் அணி

போர் முடியுந் தறுவாயில் மொஸ்கோவிலிருந்த செஞ்சேனையின் மத்தியக் கழகம் பொப்ரொவை அழைத்தது. முதலில் பண்டிக்காகத்தான் அழைத்தனர். 1945 கோடையில் உதைபந்தாட்ட அணியிலும் அவரை இறக்கிப் பார்த்தபோது, மாற்று ஆட்டக்காரராகக் களம் புகுந்த முதல் ஆட்டத்திலேயே கோல்களை அடித்தார். அந்தப் பருவம் முடிந்தபோது 21 ஆட்டங்களில் 24 கோல்கள். நாட்டிலேயே அதிக கோல்களைப் போட்டவர், அதற்கு முந்திய ஆண்டு வரை மொஸ்கோவில் எவரும் அறியாத இருபத்திரண்டு வயது இளைஞர்.

சோவியத் ஆட்டக்காரர் எவரும் சட்டப்படி தொழில்முறை வீரர் அல்லர். ஒவ்வொரு கழகமும் ஓர் அமைச்சையோ தொழிற்றுறையையோ சார்ந்திருந்தது. படைக் கழகத்தின் ஆட்டக்காரர்கள் ஏட்டளவில் படை அதிகாரிகள். அதனாலேயே இரசிகர்கள் அதனை லெப்டினன்ட்களின் அணி என்று அழைத்தனர். எதிரணியாகிய டைனமோ, உள்துறை மற்றும் பாதுகாப்பு அமைப்புகளின் கழகம். ஆகவே, அவ்விரு அணிகளும் மோதிய நாட்களில் திடலுக்கு வெளியேயும் இரு அதிகாரங்கள் ஒன்றையொன்று நோக்கி நின்றன.

1945 நவம்பரில் டைனமோ பிரித்தானியாவுக்குப் புறப்பட்டபோது, எதிரணியைச் சேர்ந்த பொப்ரொவும் அவர்களோடு அனுப்பப்பட்டார். போர்க்கால நேசநாடுகளின் நட்புறவுப் பயணமாக அது கருதப்பட்டது. இலண்டனில் செல்சியுடன் ஆடுமுன்னர் சோவியத் வீரர்கள் எதிரணியினருக்கு மலர்க்கொத்துகள் வழங்கியமை பார்த்தவர்களை வியப்பிலாழ்த்தியது. இடைவேளையின்போது இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தவர்கள், இறுதியில் 3க்கு 3 எனச் சமன் செய்தனர். மூன்றாவது கோல் பொப்ரொவுடையது. கார்டிவ் அணியை 10க்கு 1 என வென்ற ஆட்டத்தில் அவருக்கு மூன்று. மூடுபனியில் எவரையும் எவரும் காண இயலாத நிலையில் நடந்த ஆர்சனல் ஆட்டத்தை 4க்கு 3 என வென்றபோது இரண்டு. கிளாஸ்கோவில் றேஞ்சர்ஸ் அணியுடன் 2க்கு 2 என்ற சமநிலையோடு பயணம் நிறைவுற்றது. நான்கு ஆட்டங்களில் அணி அடித்த 19 கோல்களில் ஆறு, விருந்தாளியாகச் சென்ற பொப்ரொவின் கால்களிலிருந்து பிறந்தவை.

இந்தப் பயணத்தைக் கண்டுதான் ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல், விளையாட்டு நாடுகளிடையே நட்பை வளர்க்கின்றது என்ற நம்பிக்கையை மறுத்துக் கட்டுரை வரைந்தார். நாட்டுக்கு நாடு நடக்கும் போட்டி பகையையே மூட்டும் என்பது அவர் வாதம். பொப்ரொவின் பிற்கால வாழ்க்கை அந்த வாதத்துக்குப் பல இடங்களில் வலுச்சேர்த்தது என்றே நாம் கருதுகின்றோம்.

1946, 1947, 1948 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் படைக் கழகம் நாட்டின் வாகையர் ஆயிற்று. 1948 செப்ரெம்பரில் நடந்த இறுதி ஆட்டத்தை மொஸ்கோவின் முதியவர்கள் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தனர். டைனமோ ஒரு புள்ளி முன்னணியில் நின்றது. படைக் கழகம் வென்றேயாக வேண்டும். முன்னணியில் இருந்த வேளையில் தமது பின்கள வீரர் ஒருவரே தவறுதலாகப் பந்தைத் தம் வலைக்குள் செலுத்த, எண்ணிக்கை 2க்கு 2 ஆயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பொப்ரொவ் மூன்றாவது கோலை அடித்தார்.

ஆனால், இந்தப் புகழுக்கு அவர் உடலால் விலை கொடுத்தார். 1946இல் கியெவ் நகரில் நடந்த ஆட்டமொன்றில் முழங்காலிற் பட்ட உபாதை அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. எதிரணிகளின் பின்கள வீரர்கள் அவரைத் தடுத்து நிறுத்துவதற்கு வேறு வழியறியாது கால்களைக் குறிவைத்தனர். பல பருவங்களில் அவர் பாதி ஆட்டங்களுக்கே களமிறங்கினார். அறுவைச் சிகிச்சைகளும் கட்டுப்போட்ட முழங்கால்களும் அவர் ஆட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன.

புதிய ஆட்டம் ஒன்று

இதே ஆண்டுகளில் சோவியத் விளையாட்டுத் துறையினர் புதிய முடிவொன்றை எடுத்தனர். பண்டிக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. பக்கத்துக்கு அறுவர் நின்று, றப்பர் வட்டைக் கொண்டு, பலகைகளால் அடைக்கப்பட்ட சிறு தளத்தில் ஆடும் கனடிய ஹொக்கிக்கு இடமுண்டு. ஆகவே அதனைக் கற்றேயாக வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. 1946 டிசம்பர் 22ஆம் நாள் முதலாவது நாடளாவிய போட்டி தொடங்கிற்று. மொஸ்கோவின் முதல் ஆடுகளம், டைனமோ விளையாட்டரங்கின் கிழக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், இயற்கைக் குளிர் உறையவைத்த நீரின் மேல் அமைந்தது.

ஆட்டக்காரர்களோ, கோடையில் உதைபந்து ஆடிய அதே மனிதர்கள். பந்துக்குப் பதிலாக வட்டும், வளைந்த மட்டைக்குப் பதிலாக நீண்ட மட்டையும் கைக்கு வந்தன. இக்குறையே பிற்பாடு அவர்களுடைய பலமாக மாறியது. கனடியர்கள் உடலால் மோதி வட்டைப் பறிப்பதில் வல்லவர்கள். பரந்த பனிவெளியில் ஓடிப் பழகிய சோவியத் வீரர்களோ வேகத்தையும், ஒருவர்க்கொருவர் வட்டைத் தள்ளிக் கொடுக்கும் கூட்டு நகர்வையும் தம்மோடு கொண்டுவந்தனர்.

பொப்ரொவ் இப்புதிய ஆட்டத்தில் அடைந்த வெற்றிக்கு ஒப்புவமை இல்லை எனலாம். 1947-48 பருவத்தில் 18 ஆட்டங்களில் 52 கோல்களை அடித்தார். அவரது பக்கத்தில் ஆடியவர்கள் யெவ்கெனி பாபிச், அனத்தொலி தராசொவ் ஆகியோர். தராசொவ்தான் பின்னாளில் சோவியத் ஹொக்கியின் பேராசான் எனப் போற்றப்பட்ட பயிற்றுநர். கூட்டு உழைப்பே ஆட்டத்தின் உயிர் என்பது தராசொவின் கொள்கை. பொப்ரொவோ வட்டைத் தாமே கொண்டு சென்று, பந்துக்காப்பாளரையும் சுற்றி வளைத்துச் சென்று, வெற்று வலைக்குள் தள்ளும் தனித்திறன் கொண்டவர். இருவருக்கும் இடையில் எழுந்த மனத்தாங்கல் இறுதிவரை முற்றாகத் தீரவில்லை.

எட்டாத விமானம்

1949இல் பொப்ரொவ் விமானப்படைக் கழகத்துக்கு மாறினார். அப்போது மொஸ்கோப் படை மாவட்டத்தின் விமானப்படைத் தளபதியாக இருந்தவர் ஸ்ராலினின் மகன் வசீலி. விளையாட்டின் மேல் தீராத பற்றும், கேட்டதைக் கேட்டவுடன் பெறும் அதிகாரமும் ஒன்றாகக் கொண்டவர் அவர். நல்ல ஆட்டக்காரர் எந்தக் கழகத்தில் இருந்தாலும் அவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். வீடும் பதவியுயர்வும் வழங்கினார். விமானப்படைக் கழகத்தின் பெயரைக் குறித்த மூன்று எழுத்துகளுக்கு, விளையாட்டு வீரர் எல்லோரையும் எடுத்துக்கொண்டார்கள் என்று மொஸ்கோ மக்கள் கேலியாகப் பொருள் விரித்தனர்.

1950 சனவரி முதல் வாரத்தில் அந்த ஹொக்கி அணி யூரல் மலைப்பகுதியில் உள்ள செல்யாபின்ஸ்க் நகருக்கு ஆடப் புறப்பட்டது. லி-2 வகை விமானம் ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. செல்யாபின்ஸ்க் விமான நிலையம் காலநிலை காரணமாக மூடப்பட்டிருந்தமையால் விமானம் ஸ்வெர்ட்லொவ்ஸ்க் நகருக்குத் திருப்பப்பட்டது. இன்று அந்நகரின் பெயர் யெக்கத்தரின்பேர்க். அங்கும் பனிப்புயல். கோல்ட்சோவோ நிலையத்தில் தரையிறங்க முயன்றபோது விமானம் நொறுங்கி விழுந்தது. அதிலிருந்த 19 பேரும் மாண்டனர். பதினொருவர் ஆட்டக்காரர். மருத்துவரும் உடற்பிடிப்பாளரும் விமானப் பணியாளர் அறுவரும் ஏனையோர்.

பொப்ரொவ் அந்த விமானத்தில் இருக்கவில்லை. மணிக்கூடு அடிக்காமையால் உறங்கிவிட்டார் என்பர் சிலர். கழகமாற்றப் பத்திரங்களின் வேலை முடியாமையால் தங்கினார் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அவர் புகையிரதத்தில் ஏறிப் பின்தொடர்ந்தார். விமானம் அவருக்கு எட்டவில்லை. உயிர் எஞ்சியது. அவரோடு விக்தர் ஷுவாலொவ், அலெக்சாந்தர் வினொகிராதொவ் ஆகிய இருவரும் வேறு வேறு காரணங்களால் அந்தப் பயணத்தைத் தவறவிட்டிருந்தனர்.

மாண்டோருள் தராசொவின் தம்பி யூரி ஒருவர். றீகாவிலிருந்து வந்த பந்துக்காப்பாளர் ஹரிஸ் மெல்லுப்ஸ் இன்னொருவர். ரெனிசிலும் ஹொக்கியிலும் ஒருங்கே சிறந்து விளங்கிய ஸ்தெனெக் சிக்முண்ட் மற்றுமொருவர். இந்தச் சாவுகளைப் பற்றி நாட்டின் செய்தித்தாள்களில் ஒரு வரியும் வரவில்லை. உடல்கள் விமான நிலையத்துக்கு அண்மையில் பொதுப் புதைகுழியில் இடப்பட்டன. வசீலி ஸ்ராலின் விரைந்து புதிய அணியொன்றைத் திரட்டினார். மாண்டவர்களின் குடும்பப்பெயர்களையே கொண்ட வேறு ஆட்டக்காரர் சிலரும் அதில் இருந்தனர். பார்வையாளருக்கு எதுவும் நடவாததுபோற் போட்டிகள் தொடர்ந்தன. மொஸ்கோவில் வாய்க்கு வாய் செய்தி பரவியதேயன்றி, அரசு அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகின்றோம். ஒரு மகன் இறந்துவிட்டான் என்பதை ஊரறியச் சொல்லி அழுவதற்கு உரிமையற்ற பெற்றோரின் துயர், மற்றெல்லாத் துயரினும் கனமானது. அழுகைக்கும் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. எஞ்சிய பொப்ரொவ், மாண்டவர்களின் இடத்தை நிரப்பிய அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஆனார். 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் விமானப்படைக் கழகம் வாகை சூடியது. பாபிச், ஷுவாலொவ், பொப்ரொவ் என்ற மூவர் முன்வரிசை நாட்டின் மிகச் சிறந்ததாகப் பெயர் பெற்றது. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் பெயர் சொல்லப்படாத பதினொருவர் நின்றனர்.

தம்பரேயில் ஓர் ஆட்டம்

1952இல் சோவியத் ஒன்றியம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் பங்குபற்றியது. ஹெல்சிங்கி நகருக்குச் சென்ற உதைபந்தாட்ட அணிக்குப் பொப்ரொவ் தலைவர். பயிற்றுநர் பொரிஸ் அர்க்காதியெவ். பல்கேரியாவுடனான முதல் ஆட்டம் மேலதிக நேரம் வரை நீண்டது. பின்தங்கியிருந்த நிலையில் பொப்ரொவ் சமன்செய்ய, அணி 2க்கு 1 என வென்றது. அடுத்து வந்தது யூகோஸ்லாவியா.

யூகோஸ்லாவியா அன்று வெறும் எதிரணியாக இருக்கவில்லை. 1948இல் டிட்டோ ஸ்ராலினோடு முறித்துக்கொண்ட பின்னர், மொஸ்கோவின் கண்ணில் அந்நாடு துரோகியாகவே காணப்பட்டது. யூலை 20ஆம் நாள் பின்லாந்தின் தம்பரே நகரில் ஆட்டம் நடந்தது. இரண்டாம் பாதியிற் சோவியத் அணி 1க்கு 5 எனப் பின்தங்கி நின்றது. எஞ்சிய அரை மணி நேரத்தில் நிகழ்ந்ததை உதைபந்தாட்ட வரலாறு இன்றும் வியப்போடு குறிப்பிடுகின்றது. அந்த ஆட்டத்தில் பொப்ரொவ் மொத்தம் மூன்று கோல்களை அடித்தார். எண்ணிக்கை 5க்கு 5 ஆயிற்று. மேலதிக நேரத்திலும் முடிவு வரவில்லை. இரு நாட்களின் பின் மீண்டும் ஆடினர். முதற் கோலைப் பொப்ரொவே அடித்தார். ஆயினும் களைத்துப்போன அணி 1க்கு 3 எனத் தோற்றது.

தோல்வி தோல்வியாக விடப்படவில்லை. ஓகஸ்ட் 18ஆம் நாள், நாட்டின் தலைசிறந்த உதைபந்தாட்ட அணியான படைக் கழக அணி கலைக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் ஆடிய அனைவரும் அக்கழகத்தவர் அல்லர். எனினும் அர்க்காதியெவ் அதன் பயிற்றுநர் என்பதால் பழி அதன்மேல் விழுந்தது. அவரது பட்டம் பறிக்கப்பட்டது. ஆட்டக்காரர் சிலரும் தண்டனைக்குள்ளாயினர். ஐந்து முறை வாகை சூடிய அணி ஓர் ஆணையினால் இல்லாமற் போயிற்று. இரண்டாண்டுகளின் பின்னரே அது மீண்டும் உயிர் பெற்றது. மூன்று ஆட்டங்களில் ஐந்து கோல்களை அடித்த அணித்தலைவரின் பன்னாட்டு உதைபந்தாட்ட வாழ்வு அத்துடன் முடிந்தது.

1953 மார்ச்சில் ஸ்ராலின் மறைந்தார். அடுத்த மாதமே வசீலி கைது செய்யப்பட்டார். அவரது விமானப்படைக் கழகமும் கலைக்கப்பட்டது. ஒருவரின் தயவில் எழுந்தது அவரோடு வீழ்ந்தது. வசீலி பல ஆண்டுகள் சிறையிலிருந்து, 1962இல் கசான் நகரில் இறந்தார். பொப்ரொவ் ஸ்பார்ட்டக் கழகத்துக்காகச் சில உதைபந்தாட்டங்களை ஆடி, அவ்வாண்டுடன் புற்றரையை விட்டு விலகினார். பனித்தளத்தில் மட்டும் அவருக்கு ஆட்டம் எஞ்சியிருந்தது.

ஸ்ரொக்கோம், 1954

அவ்வாண்டு சுவீடனின் தலைநகரில் உலகக் கிண்ண ஹொக்கிப் போட்டிகள் நடந்தன. சோவியத் அணி பங்குபற்றிய முதல் உலகப் போட்டி அதுவே. 1912 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட திறந்தவெளி அரங்கில் ஆட்டங்கள் நடைபெற்றன. புதியவர்களைப் பெரிதாக எவரும் எண்ணவில்லை. அவர்கள் பின்லாந்தையும் நோர்வேயையும் மேற்கு ஜேர்மனியையும் செக்கோஸ்லோவாக்கியாவையும் சுவிற்சர்லாந்தையும் வென்றனர். சுவீடனுடன் 1க்கு 1 எனச் சமநிலை கண்டனர்.

இறுதி நாளன்று எதிரில் நின்றது கனடா. அதுவரை எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்த கனடா ஒரு புள்ளி முன்னணியில் இருந்தது. கனடா வெல்லும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சோவியத் அணி தோற்றபின், ஐரோப்பிய வாகையரைத் தீர்மானிக்க அதற்கும் சுவீடனுக்கும் இடையே நடக்கவிருந்த மேலதிக ஆட்டத்துக்குச் சீட்டுகள்கூட விற்கப்பட்டிருந்தன. மார்ச் 7ஆம் நாள் ஆட்டம் நடந்தது. முதற் பகுதி முடிவில் 4க்கு 0. ஆட்ட முடிவில் 7க்கு 2. வென்றது சோவியத் அணி. கனடாவிலிருந்து வந்திருந்தது அந்நாட்டின் முதல்தர அணி அல்ல, ரொறொன்ரோப் பகுதியின் பயில்நிலைக் கழகம் ஒன்றுதான் என்பது உண்மை. ஆயினும் ஏழாண்டுகளுக்கு முன்னர் ஆட்டத்தின் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தவர்கள், அதனை உருவாக்கியவர்களை வென்றுவிட்டனர். போட்டிகளின் சிறந்த முன்கள வீரராகப் பொப்ரொவ் தெரிவானார்.

அடுத்த ஆண்டு கனடா பழிதீர்த்தது. 1956இல் இத்தாலியின் கோர்த்தினா நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பொப்ரொவின் அணி தான் ஆடிய ஏழு ஆட்டங்களையும் வென்று தங்கம் பெற்றது. கனடாவை 2க்கு 0 எனத் தோற்கடித்தது. முப்பத்து மூன்று வயதில், கட்டுப்போட்ட முழங்கால்களுடன், தம்பரேயில் இழந்த பதக்கத்தை அவர் பனித்தளத்திற் பெற்றுக்கொண்டார். 1957இல் மொஸ்கோவில் உலகப் போட்டிகள் நடந்தன. ஹங்கேரியில் சோவியத் படைகள் புகுந்தமையைக் கண்டித்துக் கனடாவும் அமெரிக்காவும் வரவில்லை. இறுதியில் சுவீடனும் சோவியத் ஒன்றியமும் 4க்கு 4 எனச் சமன்செய்ய, தும்பா ஆடிய சுவீடன் அணி வாகை சூடியது. அவ்வாண்டுடன் பொப்ரொவ் தம் சறுக்குச் சப்பாத்துகளைக் கழற்றி வைத்தார்.

கனடாவுக்கு எதிராக மீண்டும்

ஆட்டம் முடிந்தபின் அவர் பயிற்றுநரானார். உதைபந்தாட்டத்தில் பல கழகங்களுக்குப் பயிற்சியளித்தும் பெருவெற்றி வாய்க்கவில்லை. ஹொக்கியில் வாய்த்தது. தராசொவின் படைக் கழகம் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த காலத்தில், 1967இல் மொஸ்கோ ஸ்பார்ட்டக் அணியை வாகையராக்கினார். 1972இல் தராசொவும் அர்க்காதி செர்னிஷெவ்வும் தேசிய அணியின் பொறுப்பிலிருந்து விலக, அவ்விடம் பொப்ரொவுக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டு செப்ரெம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களோடு எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடர் நடந்தது. கனடியர்கள் தாம் எளிதில் வெல்வோம் என்றே எண்ணியிருந்தனர். மொன்றியலில் நடந்த முதல் ஆட்டத்தைப் பொப்ரொவின் அணி 7க்கு 3 என வென்றபோது அந்நாடே திகைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்ரொக்கோமில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது. எனினும் மொஸ்கோவில் நடந்த எட்டாவது ஆட்டத்தில், 34 வினாடிகளே எஞ்சியிருந்தபோது, போல் ஹென்டர்சன் அடித்த கோல் தொடரைக் கனடாவுக்குப் பெற்றுக்கொடுத்தது. கனடாவில் வாழும் எமது வாசகர்கள் அந்தக் கோலைப் பற்றி அயலவர் வாயிலாக நிச்சயம் கேட்டிருப்பர். அன்று எதிரணியின் பயிற்றுநராக நின்ற மனிதரைப் பற்றிக் கேட்டிருப்போர் சிலரே.

1973இலும் 1974இலும் அவர் அணி உலக வாகை சூடியது. 1973இல் பத்து ஆட்டங்களில் 100 கோல்கள். அவ்வாறிருந்தும் 1974இன் பின்னர் அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பழைய படைக் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்கு மீண்டும் பயிற்றுநரானார். 1979 யூலை முதலாம் நாள் மொஸ்கோவில் காலமானார். வயது ஐம்பத்தாறு.

எஞ்சியவை

சோவியத் உதைபந்தாட்ட வாகைப் போட்டிகளில் 116 ஆட்டங்களில் 97 கோல்கள். ஹொக்கியில் 130 ஆட்டங்களில் 254 கோல்கள். தேசிய ஹொக்கி அணிக்காக 59 ஆட்டங்களில் 89 கோல்கள். ஏறத்தாழ எல்லாவற்றையும் சிதைந்த முழங்கால்களோடு அடித்தார் என்பதை இந்த எண்கள் சொல்லமாட்டா.

அவர் ஆடிய நாடு 1991இல் இல்லாமற் போயிற்று. 1997இல் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் புகழ் மண்டபம் ஒன்றை அமைத்தபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2008இல் தொடங்கிய கொன்டினென்டல் ஹொக்கிப் போட்டியின் பிரிவுகளுள் ஒன்றுக்குப் பொப்ரொவின் பெயரும், மற்றொன்றுக்குத் தராசொவின் பெயரும் சூட்டப்பட்டன. வாழ்நாளில் ஒத்துப்போகாத இருவரும் புள்ளிப் பட்டியலில் அடுத்தடுத்து நின்றனர்.

பொப்ரொவ் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் அல்லர். அதிகாரம் அழைத்த இடத்துக்குச் சென்றார், இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினார். அவரை வீரத் தியாகியாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. ஆனால், அவரைச் சுற்றியிருந்த அமைச்சுகளும் ஆணைகளும் தளபதிகளும் மறைந்துவிட, தம்பரேயின் அந்த அரை மணி நேரமும் ஸ்ரொக்கோமின் அந்த மாலையும் நிலைத்துவிட்டன. கோல்ட்சோவோவிலுள்ள புதைகுழியின் மேல் பின்னர் நினைவுச் சின்னம் எழுந்தது. மாண்ட பதினொருவரின் பெயர்களையும் இன்று எவரும் தடையின்றிச் சொல்லலாம். நீண்ட காலம் எடுத்தது. ஆயினும் பெயர்கள் திரும்பி வந்தன. பொப்ரொவின் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவர் ஏறாத அந்த விமானத்தில் அவர்கள் ஏறியிருந்தனர்.